பழைய கேம் டிஜிட்டலில் மறுபடி வரும்போது வெளியீட்டாளர் யார்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் கல்லூரியின் கணினித் துறை பழைய வீடியோ கேம்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போகிறது. கான்ட்ரா, ஹாஃப்-லைஃப், ஃபால்அவுட் எனப் பட்டியல் நீளம். எல்லாமே ஸ்டீம், ஜிஓஜி, பிளேஸ்டேஷன் ஸ்டோர் போன்ற இடங்களில் இப்போது காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் மறுவெளியீடுகள். ஒவ்வொரு கேமுக்கும் பக்கத்தில் வைக்கும் விவர அட்டையில் 'வெளியீட்டாளர்' என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது? அந்தக் காலத்தில் பெட்டியில் அடைத்து விற்ற கம்பெனியா, இன்று ஸ்டோர் பக்கத்தில் தெரிகிற பெயரா, இல்லை ஸ்டோரேதானா? துறையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்களாம். கடைசி வரியில், "அனுமதி வாங்க வேண்டுமென்றாலும் அந்த வெளியீட்டாளருக்குத்தானே எழுத வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறார்.

இது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. அட்டையில் யார் பெயர் என்பது ஒன்று. உரிமை யார் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் பதிலாக வரும் என்று எதிர்பார்ப்பதால்தான் மூன்று பேரும் மோதிக்கொள்கிறார்கள். நூலகப் பட்டியலாக்கம் முறையாகப் படித்து, டிஜிட்டல் உரிமப் பத்திரங்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்ததை வைத்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் வரும் இடங்களில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. வெளியீட்டாளர் என்ற தகவல் கேமைச் சேர்ந்ததில்லை, ஒவ்வொரு வெளியீட்டையும் சேர்ந்தது. ஒரே கேம் ஐந்து முறை வெளிவந்தால் ஐந்து வெளியீட்டாளர்கள் இருக்கலாம், அதில் யாரும் பொய் இல்லை. 'ஃபால்அவுட்டின் வெளியீட்டாளர் யார்' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த மெஷினில் ஓடுகிற இந்தப் பிரதியை யார் தன் பெயரில், தன் பொறுப்பில் பொதுமக்களுக்கு வெளியிட்டது' என்று கேட்டால் அநேகமாக எப்போதும் ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயர்தான் அட்டைக்கு. அதற்காகப் பழைய பெயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதற்குத் தனி வரி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கான்ட்ராவையே எடுத்துக்கொள்வோம். நெல்லையில் டிவியில் மாட்டி விளையாடிய பெட்டிகளின் காலத்துப் பிள்ளைகளுக்கு அறிமுகமே தேவையில்லாத கேம் அது. ஆர்கேடில், அதாவது காசு போட்டு விளையாடும் கடை மெஷினில், வந்தது 1987இல், கொனாமி. நின்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு 1988இல் வந்தபோதும் கொனாமிதான். இப்போது அதே ஆர்கேட் கான்ட்ராவை பிளேஸ்டேஷன் 4இல் இரண்டு வழியில் வாங்கலாம். ஒன்று, 2019இல் வந்த கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன். அதன் வெளியீட்டாளர் கொனாமி; பழைய கேம்களை இன்றைய கன்சோலில் ஓட வைத்த நிரல் வேலை எம்2 என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது. இன்னொன்று, ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையில் வந்தது. அதன் வெளியீட்டாளர் ஹாம்ஸ்டர் என்ற கம்பெனி. 2014இலிருந்து பழைய ஆர்கேட் கேம்களை ஒவ்வொன்றாக உரிமம் வாங்கித் தன் பெயரில் வெளியிடுவதே அவர்கள் தொழில். காப்புரிமை இரண்டிலும் கொனாமியிடமே இருக்கிறது. திரையில் ஓடுகிற கேம் ஒன்றுதான், உரிமையாளரும் ஒருவர்தான், ஆனால் வெளியீட்டாளர் இருவர். கண்காட்சியில் எதை வைத்திருக்கிறீர்களோ அதற்குத் தக்கபடி அட்டை மாறும். 'கான்ட்ரா என்றால் கொனாமி' என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் ஹாம்ஸ்டர் பிரதிக்கு அது தவறாகிவிடும்.

இடையில் ஒன்று. நம் ஊர் வீடுகளில் இன்னும் கிடக்கும் 'பல கேம் ஒரே கேசட்' வகைக் கார்ட்ரிஜ்களை ஆதாரமாக எடுக்காதீர்கள். அசல் கேமின் முதல் திரையில் தலைப்புக்குக் கீழே கம்பெனி பெயரும் ஆண்டும் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தக் கார்ட்ரிஜ்களில் பெரும்பாலும் அந்த வரியை அழித்திருப்பார்கள், சிலவற்றில் தலைப்பையே மாற்றியிருப்பார்கள். ஒரு காலத்தின் சாட்சியாக அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். விவரம் எடுக்க உதவாது.

ஒரே ஸ்டோரில், ஒரே கேமுக்கு, தேதியைப் பொறுத்து வெளியீட்டாளர் மாறுவதும் உண்டு. ஃபால்அவுட் 1997இல் இன்டர்பிளே வெளியிட்ட கேம். 2007இல் அந்தப் பெயரின் உரிமையை இன்டர்பிளேயிடமிருந்து பெதெஸ்டா விலைக்கு வாங்கியது. ஆனால் பழைய கேம்களைத் தொடர்ந்து விற்கும் உரிமை இன்டர்பிளேயிடமே கொஞ்ச காலம் இருந்தது. இரண்டு கம்பெனிகளுக்கும் வழக்கு நடந்து, சமரசத்தில் அந்த விற்பனை உரிமை 2013 டிசம்பர் கடைசியோடு முடிந்தது. ஜிஓஜி ஸ்டோரிலிருந்து கேம்கள் நீங்கின. பிறகு 2015இல் அதே ஸ்டோருக்கே திரும்பி வந்தன, இந்த முறை பெதெஸ்டாவின் பெயரில். 2012இல் வாங்கியவர் கையில் இருக்கும் பிரதியின் வெளியீட்டாளர் இன்டர்பிளே. 2016இல் வாங்கியவர் கையில் இருப்பதற்கு பெதெஸ்டா. வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பில் வந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே போதும்.

ஃபால்அவுட்டில் இன்னொன்றையும் கண்ணால் பார்க்கலாம். இன்று பெதெஸ்டா விற்கும் பிரதியை நிறுவி இயக்கினால், திரை இருண்டு முதலில் ஓடுவது இன்டர்பிளேயின் சின்னம்தான். ஸ்டோர் பக்கம் ஒரு பெயர் சொல்கிறது, திரை இன்னொரு பெயர் சொல்கிறது. திரையில் இருப்பது 1997ஆம் ஆண்டுக் கோப்பு. அதைத் தொடாமல் அப்படியே விற்பது மறுவெளியீட்டில் சாதாரணம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துப் பழைய கேம்களிலும் இதுவே. ஜிஓஜி போன்ற இடத்தில் வாங்கினால் கேம் கோப்புகளோடு டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரும் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரல்) அதற்கான அமைப்புக் கோப்பும் சேர்ந்து வரும். கேமுக்குள் இருக்கும் அறிமுகத் திரைகள் பழையபடியே ஓடும். ஆகவே கேமுக்குள் முதலில் தெரியும் சின்னம் முதல் வெளியீட்டுக்குச் சாட்சி, மறுவெளியீட்டுக்குச் சாட்சி ஆகாது. விவர அட்டைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

ஹாஃப்-லைஃப் வேறு பாடம். 1998இல் பெட்டியில் வந்தபோது வெளியீட்டாளர் சியரா, உருவாக்கியது வால்வ். இன்று வால்வின் சொந்த ஸ்டோரான ஸ்டீமில் உருவாக்குநர், வெளியீட்டாளர் இரண்டு இடத்திலும் வால்வ். நடுவில் நடந்ததை நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் ஹாஃப்-லைஃபிலிருந்து பிறந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாடியவர்கள் அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சண்டையே அதுபோன்ற கடைகளைப் பற்றித்தான். பெட்டியில் போட்டுச் சில்லறையாக விற்க சியராவுக்கு உரிமை இருந்தது. சைபர் கஃபேக்களுக்குக் கொடுக்கவும் அந்த உரிமை போதுமா? போதாது என்று வால்வ் 2002இல் வழக்குப் போட்டது. 2004 நவம்பரில் சியாட்டில் நீதிமன்றம் வால்வுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சியராவின் தாய் நிறுவனமான விவெண்டியோடு 2005இல் சமரசம் முடிந்து, பெட்டி விற்பனையும் அவர்கள் கையை விட்டுப் போனது. ஒரு கம்பெனி ஒரு வழியில் வெளியீட்டாளராக இருப்பதால் எல்லா வழிக்கும் அவர்களே வெளியீட்டாளர் ஆகிவிட மாட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

நாடு வாரியாகவும் பிரியும். ஃபைனல் ஃபேண்டஸி 7ஐ 1997இல் ஜப்பானில் ஸ்கொயர் தானே வெளியிட்டது. ஜப்பானுக்கு வெளியே பிளேஸ்டேஷன் பிரதியை சோனி வெளியிட்டது. 1998இல் கம்ப்யூட்டர் பிரதியை ஐடாஸ் வெளியிட்டது. இப்போது ஸ்டீமில் இருப்பது ஸ்கொயர் எனிக்ஸ். சினிமாவில் திருநெல்வேலி–கன்னியாகுமரியை 'டி.கே. ஏரியா' என்று பிரித்து ஒருவர் வாங்குவதும், மதுரை–ராமநாதபுரத்தை வேறொருவர் வாங்குவதும், படத்தின் உரிமை தயாரிப்பாளரிடம் நிற்பதும், தியேட்டர்காரர் டிக்கெட் மட்டும் கிழிப்பதும் நமக்குப் பழகிய கணக்கு. அதே கணக்குதான் இங்கும். ஸ்டோர் என்பது தியேட்டர். கடனட்டை பில்லில் ஸ்டோரின் பெயர் வருவதால் அது வெளியீட்டாளர் ஆகாது. தானே உருவாக்கியதையோ தன் பெயரில் உரிமம் எடுத்ததையோ விற்கும்போது மட்டும்தான் ஸ்டோர்காரரே வெளியீட்டாளர், ஸ்டீமில் ஹாஃப்-லைஃப் போல.

பழைய டிஸ்க் ஏதாவது காட்சிக்கு வைத்தால் இன்னொரு பொறி உண்டு. இந்தியாவில் விற்ற பெட்டியின் பின்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் ஏதோ ஒரு இந்திய நிறுவனத்தின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு இருக்கும். பொதிந்த பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி இறக்குமதியாளர் ஒட்ட வேண்டியது அது. அந்தப் பெயர் இறக்குமதியாளர் அல்லது விநியோகஸ்தருடையது. வெளியீட்டாளர் இடத்தில் அதை எழுதக் கூடாது.

இனி நடைமுறை. ஸ்டோர் பக்கத்தில் வெளியீட்டாளர் என்ற இடம் ஸ்டீம், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் நான்கிலும் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஆனால் அது கேமைக் கொண்டுவந்த நிறுவனமே நிரப்பிக் கொடுப்பது; நீதிமன்றச் சான்று இல்லை. இரண்டாவது, அதே பக்கத்தின் அடியில், கணினித் தேவைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் காப்புரிமை வரி. பலர் அதுவரை இறங்கிப் பார்ப்பதே இல்லை, உண்மையில் அதிகத் தகவல் அங்கேதான். 'இன்னாருடைய காப்புரிமை, இன்னாருடைய உரிமத்தின் பேரில் இன்னார் வெளியிடுகிறார்' என்று மூன்று பெயரும் ஒரே வரியில் வந்துவிடுவதுண்டு. மூன்றாவது, நிறுவும்போது 'ஏற்கிறேன்' என்று அழுத்தச் சொல்லும் பயனர் ஒப்பந்தம். அதன் முதல் பத்தியில் 'உங்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் இடையே' என்று வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரச்சினை என்று வந்தால் பொறுப்பேற்பவர் அவர். நான்காவது, கேமின் அமைப்புப் பக்கத்திலோ கடைசியிலோ மறுவெளியீட்டுக்கென்று தனியாகச் சேர்த்த பெயர்ப் பட்டியல். பழைய பட்டியலும் புதியதும் தனித்தனியாக இருந்தால் புதியதை எடுங்கள்.

நான்கும் ஒரே பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. பிரிந்தால் என்ன செய்வது? ஸ்டோர் இடமும் பயனர் ஒப்பந்தமும் ஒன்றாக இருந்து காப்புரிமை வரி மட்டும் வேறு பெயர் சொன்னால் கவலை வேண்டாம், அது உரிமம் வாங்கி வெளியிட்டது என்று பொருள். கிரிம் ஃபாண்டாங்கோவின் மறு உருவாக்கம் அப்படிப்பட்டது. 1998இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட கேம். 2012இல் லூகாஸ்ஃபிலிமோடு சேர்ந்து உரிமை டிஸ்னிக்குப் போனது. 2015இல் புதுப்பித்து வெளியிட்டது டபுள் ஃபைன். உரிமை டிஸ்னி, வெளியீடு டபுள் ஃபைன் என்று இரண்டு வரியில் எழுதினால் சரியாகிவிடும். ஸ்டோர் இடம் ஒரு பெயரும் பயனர் ஒப்பந்தம் வேறு பெயரும் சொன்னால்தான் யோசிக்க வேண்டும். ஒரே குழுமத்தின் இரண்டு கிளைகளாக இருக்கலாம், அல்லது கம்பெனி கைமாறியும் ஒப்பந்தக் கோப்பை யாரும் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். அப்போது நான் ஸ்டோர் பெயரை எடுத்து, பார்த்த தேதியைப் போட்டு, மற்றப் பெயரைக் குறிப்பாக எழுதுவேன். இது என் தேர்வுதான். வேறு பட்டியலாளர் மாற்றிச் செய்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

மொபைலில் நிலைமை வேறு. கூகுள் பிளேயில் வெளியீட்டாளர் என்று தனி இடம் கிடையாது, கணக்கு வைத்திருப்பவரின் பெயர்தான் தெரியும். ஆப்பிள் ஸ்டோரில் தகவல் பகுதியில் விற்பவர் பெயரும் காப்புரிமை வரியும் இருக்கும். பழைய கேமின் பெயரைப் போட்டுக்கொண்டு சம்பந்தமே இல்லாத யாரோ ஏற்றி வைத்த செயலிகளும் அங்கே கலந்து கிடக்கும். கணக்கின் பெயர் உரிமையாளர் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உறுதியாகிறதா என்று பார்க்காமல் அந்தப் பிரதியைக் காட்சிக்கே எடுக்காதீர்கள்.

சந்தா வழியாக வரும் கேம்கள்தான் எனக்குக் கடினமாகத் தோன்றுபவை. பாஞ்சோ-கஸூயி 1998இல் ரேர் என்ற நிறுவனம் உருவாக்கி நின்டெண்டோ வெளியிட்டது. 2002இல் ரேரை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2008இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு டிஜிட்டலில் வந்தபோது வெளியீட்டாளர் மைக்ரோசாஃப்ட். 2022இல் அதே கேம் நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவுக்குள் வந்தது. அங்கே அதைத் தனியாக வாங்க முடியாது, நின்டெண்டோ 64 தொகுப்புச் செயலிக்குள் ஒரு கேமாக இருக்கிறது. செயலியை வெளியிட்டது நின்டெண்டோ, கேமின் உரிமை மைக்ரோசாஃப்ட் பக்கம். அட்டையில் 'நின்டெண்டோவின் சந்தாத் தொகுப்புக்குள்' என்று எழுதிவிட்டு, கேமுக்கென்று தனி வெளியீட்டாளர் பெயர் போடாமல் விடுவதே நேர்மையானது என்று நினைக்கிறேன். இதில் ஒரு முடிந்த முடிவு இல்லை.

அட்டை எப்படி இருக்க வேண்டும் என்றால், கான்ட்ராவுக்கு இப்படி எழுதலாம்: 'கான்ட்ரா, ஆர்கேட் பதிப்பு. முதல் வெளியீடு கொனாமி, 1987. இங்கே ஓடுவது பிளேஸ்டேஷன் 4க்கான ஆர்கேட் ஆர்கைவ்ஸ் பிரதி, வெளியீடு ஹாம்ஸ்டர். காப்புரிமை கொனாமி. விவரம் எடுத்தது ஸ்டோர் பக்கத்திலிருந்து, இன்ன தேதியில்.' நான்கு வரிதான். முதல் வெளியீட்டு வரியை இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1998இல் ஹாஃப்-லைஃப் பெட்டியைக் கையில் வாங்கியவன் அட்டையில் பார்த்தது சியராவின் பெயரை. மறுவெளியீட்டுப் பக்கங்களில் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. கண்காட்சி என்று ஒன்றை நடத்துவதே அதைக் காப்பாற்றத்தான்.

கல்லூரி நூலகத்தின் கோஹா மென்பொருளிலும் இந்தக் கேம்களைச் சேர்ப்பதாக இருந்தால், மார்க் 21 என்ற நூலகப் பட்டியல் வடிவத்தில் 264 என்ற புலம் இதற்காகவே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் குறியீடு 1 என்றால் வெளியீடு, 2 என்றால் விநியோகம், 4 என்றால் காப்புரிமை ஆண்டு. ஹாம்ஸ்டர் முதலாவதில் போகும். ஸ்டோரைக் குறித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டாவதில். முதல் வெளியீட்டின் விவரத்தை 534இல் மூலப் பதிப்புக் குறிப்பாக எழுதுங்கள். எந்தக் கன்சோல், எந்த இயங்குதளம் என்பது 538இல். வெளியீட்டாளரை எந்த வழியிலும் உறுதிசெய்ய முடியவில்லையென்றால் 'வெளியீட்டாளர் அறியப்படவில்லை' என்று சதுர அடைப்புக்குள் எழுத விதியே இடம் தருகிறது. ஊகித்து ஒரு பெயரை நிரப்புவதைவிட அது மேல்.

ஸ்டோர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதை ஒத்திப்போடாதீர்கள். நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான ஸ்டோர் 2019 ஜனவரி 30இல் மூடப்பட்டது. அதே நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்கள் இரண்டின் ஸ்டோர்களும் 2023 மார்ச் 27இல் விற்பனையை நிறுத்தின. அங்கே மட்டும் வந்த மறுவெளியீடுகளுக்கு வெளியீட்டாளர் யார் என்று இன்று தேடுவது பெரும்பாடு. பக்கம் முழுவதும், அடியில் உள்ள பொடி வரி உட்பட, தேதி தெரியும்படி எடுத்துக் கேமின் பெயரில் சேமித்து வையுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, அனுமதி. இங்கே வெளியீட்டாளரைக் கண்டுபிடித்தது பாதி வழிதான். ஒரு படைப்பின் உரிமை ஊடகம் ஊடகமாகப் பிரிந்து கிடக்கும் என்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. எட்டயபுரத்துப் பாரதியின் எழுத்துகளுக்கு நூல் உரிமை அவர் தம்பி விசுவநாதனிடம் இருந்தது, பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையோ ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் அரசு அவற்றைப் பெற்ற பிறகே பாடல்கள் பொதுவுக்கு வந்தன. நூல் உரிமைக்காரரிடம் மட்டும் கேட்டுக்கொண்டு பாட்டை இசைத்தட்டில் போட்டிருக்க முடியாது. கேமிலும் அதேதான். பெட்டியில் விற்க 1995இல் எழுதிய ஒப்பந்தம், இன்று இறக்கிக்கொள்ளும் விற்பனையையும் தருகிறதா என்பது அந்த ஒப்பந்தத்தின் சொற்களில் இருக்கிறது. அமெரிக்காவில் புத்தகத் துறையில் இது 2001இல் நீதிமன்றம் போனது. 'நூல் வடிவில்' வெளியிடும் உரிமை வைத்திருந்த ராண்டம் ஹவுஸ், ரோசெட்டா புக்ஸின் மின்நூல்களைத் தடுக்கக் கேட்ட இடைக்காலத் தடையை நியூயார்க் நீதிமன்றம் தரவில்லை. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த திருத்தம், உரிமை மாற்றம் நடந்தபோது இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, பத்திரத்தில் அதைக் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், அந்த மாற்றம் செல்லாது என்கிறது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாததை இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சட்டத்தில் இவை இருப்பது உறுதி. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ எழுதிய பழைய கேம் ஒப்பந்தத்துக்கு இவை பொருந்துமா என்பது சந்தேகம், அது அந்த ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கம்பெனி மூடிப்போனால் உரிமை காற்றில் கரைவதில்லை, யாரிடமாவது போய்ச் சேரும். சிஸ்டம் ஷாக் 2 1999இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடியது. உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் போய் உட்கார்ந்தது. பழைய கேம்களை மறுவெளியீடு செய்யும் நைட் டைவ் என்ற கம்பெனி அவர்களைத் தேடிப் பிடித்து உரிமம் வாங்கித்தான் 2013இல் கேம் ஜிஓஜியில் திரும்ப வந்தது. 2000இல் வந்த நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் கேமுக்கும் அதே நைட் டைவ் முயன்றது. மூன்று பெரிய கம்பெனிகளில் உரிமை யாரிடம், எவ்வளவு என்பதே தெளிவாகாமல் அந்த முயற்சி நின்றுபோனது. மறுவெளியீட்டாளரிடமும் எல்லா உரிமையும் இருக்காது. கிரேஸி டாக்ஸி 2010இல் டிஜிட்டலில் வந்தபோது அதிலிருந்த பீட்சா ஹட், கேஎஃப்சி கடைகளும் அசல் பாடல்களும் இல்லை. சேகா தன் கேமைத் தானே வெளியிட்டும், அதற்குள் இருந்த மற்றவர்களின் பொருட்களுக்கு அந்த உரிமை நீளவில்லை.

கண்காட்சிக்கு வருகிறேன். ஸ்டீம் கணக்கில் வாங்கிய பிரதி தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு என்று அவர்களின் சந்தாதாரர் ஒப்பந்தம் சொல்கிறது. பிரவுசிங் சென்டர் போன்ற கடைகளுக்கென்று தனி உரிமத் திட்டம் வேறு வைத்திருக்கிறார்கள். கல்வி நிலையங்களுக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றோர் மட்டும் பார்க்கும்படி திரைப்படமோ ஒலிப்பதிவோ போட்டுக் காட்ட நம் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அங்கே கணினி நிரல் என்று சொல்லப்படவில்லை, நம் சட்டமோ கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் வைக்கிறது. விளையாட வைப்பதற்கு அந்த விலக்கு பொருந்தும் என்று நம்பி இறங்க வேண்டாம். வெளியாட்களை அனுமதித்தாலோ கட்டணம் வாங்கினாலோ கேள்வியே இல்லை, எழுத்தில் அனுமதி வேண்டும். இந்த ஒரு இடத்தில் கல்லூரியின் சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

கடிதத்தைக் காப்புரிமை வரியில் இருக்கும் உரிமையாளருக்கும் மறுவெளியீட்டாளருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் கை காட்டும் வேலை மிச்சம். கேமின் பெயர், எந்தப் பிரதி, எந்த ஸ்டோர், எத்தனை மெஷின், எந்த இடம், எந்த நாட்கள், நுழைவு இலவசமா, யார் வருவார்கள், யூடியூபில் நேரலை போகுமா என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரலை என்றால் பாடல் உரிமை தனியாகக் கிளம்பும், முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பதில் வரவில்லை என்பது சம்மதம் ஆகாது. அந்தக் கேமின் பெட்டியையும் அட்டையையும் மட்டும் காட்சிக்கு வைத்துவிட்டு, விளையாட வைக்கும் மெஷினில் வேறொன்றைப் போடுங்கள். 1994இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கையை அதன் உருவாக்குநரான ரெவல்யூஷன் 2003இல் இலவசமாக விட்டது, பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓட வைக்கும் ஸ்கம்விஎம் என்ற நிரலில் நன்றாக ஓடும். டூம் போன்ற ஒன்று வேண்டுமென்றால், அதன் நிரலைப் பொதுவுக்கு விட்டுவிட்டார்கள், படங்களும் ஆட்ட நிலைகளும் இருக்கும் தரவுக் கோப்பை விடவில்லை. அந்த இடத்தில் ஃப்ரீடூம் என்ற சுதந்திரத் தரவுத் தொகுப்பைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் கூடவே வரும் உரிமக் கோப்பைத் திறந்து படித்து, அதை அச்சிட்டு மெஷின் பக்கத்திலேயே ஒட்டி வைத்தால், பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.